வேண்டாததைப் பொறுக்கினால் போதும்

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் ஏழு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த ஏழு வருஷத்தில் ஒரே ஓர் ஆள்தான் என்னை வாயடைக்க வைத்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டரை எங்கே அமுக்கினால் உயிர் வரும் என்றுகூடத் தெரியாது. எங்கள் கிடங்கில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா அவள்.

என் வாயை அடைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. "இவ வாய்க்குப் பூட்டுச் செய்ய ஆசாரி இனிமேத்தான் பொறக்கணும்" என்று என் அம்மாவே வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள். முன்கோபமும் உண்டு. பேசிவிட்டுப் பிறகு யோசிக்கிற ரகம். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அந்த அக்காவைப் பற்றிப் பேசும்போது மட்டும் என்னை அறியாமல் குரல் இறங்கிவிடுகிறது.

காய் பொறுக்குவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மலையிலிருந்து மூட்டையில் வரும் ஏலக்காயைச் சல்லடையில் சலித்துப் பெரிசு சிறிசு பிரிப்பார்கள். அப்புறம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு தட்டில் பரப்பி, வெடித்தது, கருத்தது, பூச்சி விழுந்தது எல்லாவற்றையும் கையால் பிரிப்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பச்சையாக, பளபளவென்று இருக்கும் காயைத் தேடித் தேடி எடுப்பார்கள். பொழுது சாயும்போது தட்டில் பாதிகூட முடிந்திருக்காது. அக்கா தட்டைப் பார்க்கவே மாட்டாள். எதிரில் இருப்பவளிடம் பேசிக்கொண்டிருப்பாள். விரல் மட்டும் ஓடும்.

"நல்லதத் தேடாத தாயி. தேடுனா கண்ணு அவிஞ்சு போகும். வேண்டாததப் பொறுக்கிப் போடு, மிச்சம் இருக்கது தானா நல்லது" என்பாள்.

இதை அவள் ஏலக்காய்க்கு மட்டும் சொல்லியிருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவளுக்கு எல்லாமே தட்டில் பரப்பிய காய்தான். ஒரு நாள் கிடங்கில் இரண்டு பெண்கள் தண்ணீர்க் குடத்துக்காகக் குடுமிப்பிடிச் சண்டை. ஒருத்தி இன்னொருத்தியின் மூன்று தலைமுறையையும் இழுத்துவிட்டாள். விலக்கப் போனவர்களுக்கும் வசவு கிடைத்தது. அக்கா தட்டை இறக்கிவைத்துவிட்டுப் போய், "ஏத்தா, நீ சொன்னதுல 'குடத்த ஏன் எடுத்த'ங்கிறது மட்டுந்தான் வேண்டியது. அத மட்டும் இன்னொரு தரம் கேளு" என்றாள். அவள் கேட்டாள். இவள் "தெரியாம எடுத்துட்டேன்" என்றாள். சண்டை முடிந்து போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் ஏமாற்றம்.

என்னைப் பெண் பார்க்கப் பெரியகுளத்திலிருந்து வந்தார்கள். நான் என்னவெல்லாம் பேசவேண்டும் என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். படித்த படிப்பு, டைப்ரைட்டிங் ஹையர், சமையல் தெரியும், கோலம் தெரியும். பலகாரம் சுட உதவிக்கு வந்திருந்த அக்கா அதையெல்லாம் கேட்டுவிட்டு, "இது வேணாம், இதுவும் வேணாம்" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது. 'கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன்.' அதை மட்டும் சொன்னேன். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதே வாக்கியத்துக்குச் சரி என்று சொன்ன ஒருத்தரோடுதான் இப்போது குடித்தனம் நடத்துகிறேன். நல்ல மனுஷன்.

என் அறையைப் பற்றியும் சொல்லவேண்டும். கிடங்கின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு, உள்ளே ஏ.சி. எனக்காக இல்லை, மிஷினுக்காக. வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். ஆயுதபூஜை அன்று மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பொறுக்குகிற பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தாலே நான் கத்துவேன். தூசி வந்துவிடுமாம். என்ன கத்தி என்ன, ஏலக்காய்த் தும்பு எந்தச் சந்தில்தான் புகாது. அந்தக் கீபோர்டைக் கவிழ்த்தால் கால்படி தும்பு கொட்டும். எனக்கு அவர்கள் வைத்த பேர் 'கண்ணாடிப்பொட்டி'. காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் முதலாளி புது கம்ப்யூட்டர் வாங்கினார். பழசு சாக்கு மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. அந்தத் தீபாவளிக்கு எப்போதும்போல எல்லோருக்கும் சேலையும் எவர்சில்வர் பாத்திரமும் கொடுத்தார்கள். அக்கா வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கையை நீட்டவில்லை.

"எனக்குச் சேல வேணாம் மொதலாளி. அந்தப் பழைய பொட்டியக் குடுங்க."

"அத வச்சு நீ என்னத்தா செய்யப் போற?"

"ஜோதிக்கு."

முதலாளி சேலையையும் கொடுத்து, பெட்டியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான்தான் பொருமினேன். போயும் போயும் என் மிஷினை ஒத்தை அறை வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறாளே என்று வயிறு எரிந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

ஜோதி அக்காவின் மகள். அப்போது ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. பிறந்தபோது ரொம்ப நேரம் அழாமல் கிடந்த பிள்ளை. கழுத்து நிற்கவே இரண்டு வருஷம் ஆனது. சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் சாக்கு முட்டுக் கொடுத்தால் உட்காரும். கை ஒரு பக்கம் இழுக்கும், நினைத்த இடத்துக்குப் போகாது. வாயில் சத்தம் வரும், வார்த்தை வராது. ஆனால் கண்ணைப் பார்த்தால் தெரியும். நாம் பேசுவது ஒன்றுவிடாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் எது தண்ணீர், எது வலி, எது சும்மா என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, ஜோதியின் அப்பாவுக்குக்கூட.

அவர் போடிமெட்டுக்கு மேலே, மலையில் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இறங்கி வருவார். கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனுஷன். மதுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு ஹோமில் வரும் ஜூனில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கேயே விட்டுவிடவேண்டும், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். அக்காவுக்கு மனசே இல்லை. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டால் ஹோம் பேச்சை விட்டுவிடுவதாக அவரிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் ஏற்கெனவே ஒருமுறை முடியாது என்று சொல்லியிருந்தார். பேச்சு கறாராக இருக்கும், ஆனால் நியாயம் தெரிந்தவர். "ஒம் பிள்ளைக்குப் புத்தி இருக்குன்னு நீ சொல்ற. அது சத்தம் போடுது, நீ அர்த்தம் சொல்ற. நான் அத எப்படி நம்புறது? அது என்கிட்டச் சொல்லட்டும், நான் சேத்துக்கிறேன்" என்றாராம்.

அக்கா இதை என்னிடம் சொன்னபோது கோபப்படவே இல்லை. "அவுக சொன்னது சரிதான தாயி. என் வாயத்தான எல்லாரும் கேக்குறாக" என்றாள். அடுத்த தட்டைப் பரப்பிக்கொண்டே, "மதுரையில அங்கன பசிச்சா அது யாருகிட்டச் சொல்லும்?" என்றாள்.

ஆக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போய் மிஷினை மாட்டிக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டேதான் போனேன். கடையில் கடிதம் அடிக்க வைத்திருந்த தமிழ் எழுத்தை அதில் ஏற்றி, ஓர் எழுத்து உள்ளங்கை அகலம் தெரிகிற மாதிரி பெரிதாக்கி வைத்தேன். ஜோதியை உட்கார வைத்தோம். கையைத் தூக்கினாள். அது போய்க் கீபோர்டில் ஐந்தாறு கட்டைகளின் மேல் மொத்தமாக விழுந்தது. திரை முழுக்க எழுத்துகள் கன்னாபின்னா என்று ஓடின. மறுபடியும் கையைத் தூக்கினாள், மறுபடியும் அப்படியே. நாலாவது தரம் அந்தப் பிள்ளை வாயைக் கோணிக்கொண்டு அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை. தான் நினைத்தது அது இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. "இது ஆகாதுக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா வேறு மாதிரி யோசித்திருக்கிறாள். கட்டைகளுக்கு இடையில் ஏலக்காய்த் தும்பும் அழுக்கும் அடைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் ஒன்றை அமுக்கினால் நாலு போகிறது என்று முடிவு செய்திருக்கிறாள். கீபோர்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கிச் சீயக்காய் போட்டுக் கழுவியிருக்கிறாள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

எங்கள் கிடங்கில் ஈரம் பட்ட காயை மறுபடி உலர்த்த ஒரு சூட்டு அறை உண்டு. கீழே அனல் போகும் குழாய், மேலே கம்பிவலை. ஐப்பசி கார்த்திகை மழையில் போடியில் எதுவும் காயாது. பிள்ளைகளின் யூனிபாரம், குடை, ஒருமுறை முதலாளியின் நனைந்த நிலப் பத்திரம், எல்லாவற்றையும் அங்கேதான் காய வைப்போம். ஈரம் என்றால் சூட்டு அறை, இது எங்கள் ஆட்களுக்கு யோசிக்காமலே வருகிற விஷயம். அக்காவும் கீபோர்டைக் கொண்டுபோய் ஏலக்காய்க்குப் பக்கத்தில் கம்பிவலையில் பரத்திவிட்டு, காய்க்கு விடுகிற மாதிரியே ஒரு ராத்திரி விட்டுவிட்டாள்.

காலையில் அது அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

நான் கத்திய கத்தலில் கிடங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாட்டுக்குத் தவிடு வைக்கிற மாதிரி மிஷினை நடத்துகிறாயே என்றேன். படிக்காத சனத்திடம் கொடுத்தால் இப்படித்தான் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. அக்கா இடுப்பில் ஜோதியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"கத்தி முடிச்சிட்டியா தாயி? சரி, இப்ப இதுல எது வேல செய்யுது, அதச் சொல்லு."

எரிச்சலோடு அதை மூலையில் கடிதம் அடிக்க வைத்திருந்த இன்னொரு பழைய மிஷினில் மாட்டி ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக் காட்டினேன். பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தன. அங்கொன்று இங்கொன்றாகப் பதினோரு கட்டைகள் பிழைத்திருந்தன. "பாத்தியா? குப்பையில போட வேண்டியதுதான்" என்று நான் திரும்புவதற்குள் ஜோதியின் கை தாயின் இடுப்பிலிருந்து நீண்டு வந்து கீபோர்டின் மேல் தொப்பென்று விழுந்தது. ஐந்தாறு கட்டைகள் மேல்தான் விழுந்தது, எப்போதும்போல.

திரையில் ஒரே ஓர் எழுத்து வந்தது. ப.

சுற்றியிருந்த கட்டைகள் செத்திருந்ததால் பிழைத்த ஒன்று மட்டும் பேசியிருக்கிறது. ஜோதி சிரித்தாள். மறுபடி அடித்தாள். ப. மறுபடியும் ப. நான் அசடு மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அக்கா அந்த நெளிந்த கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம்கூட இல்லை. மலையிலிருந்து புது மூட்டை பிரித்துக் கொட்டினால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எல்லாக் காயையும் ஒண்ணாக் கொட்டி வச்சா பச்சப் பிள்ள என்ன செய்யும்? நாமதான பொறுக்கிக் குடுத்திருக்கணும்" என்றாள்.

அன்றைக்கு என்னிடமிருந்த இன்னொரு பழைய கீபோர்டை வாங்கிக்கொண்டு போனாள். நெளியாதது, எல்லாக் கட்டையும் வேலை செய்கிறது. கரண்டிக் காம்பால் நெம்பி அத்தனை கட்டைகளையும் பிடுங்கி ஒரு தட்டில் போட்டாள். ஏலக்காய்த் தட்டுதான். ப, ட, ம மூன்றை மட்டும் ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருக்கிற இடமாகப் பார்த்துத் திருப்பி மாட்டினாள். அந்தந்த எழுத்து அந்தந்த இடத்தில் வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தது என் வேலை. பிடுங்கிய இடத்துக் குழிகளில் பிள்ளையின் விரல் சிக்கியது. தெருமுனை ஆசாரியிடம் போய், கீபோர்டின் மேல் கவிழ்க்கிற மாதிரி ஒரு பலகை செய்து, கட்டை இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை போட்டு வாங்கிவந்தாள். கை பலகை மேல் எப்படி வேண்டுமானாலும் கிடக்கலாம், இழுக்கலாம், நடுங்கலாம். ஓட்டை வழியாக இறங்குகிற விரல்தான் கணக்கு.

"சல்லட மாதிரித்தான் தாயி. வேண்டியது மட்டும் கீழ எறங்கும்."

ரொம்ப வருஷம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதே மாதிரிப் பிள்ளைகளுக்காகச் செய்த ஒரு சாமானைக் கண்ணாடி அலமாரியில் பார்த்தேன். கீபோர்டு மேல் ஓட்டை போட்ட ஒரு தகடு. வெளிநாட்டிலிருந்து வந்ததாம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர் தலைசுற்றலா என்று கேட்டார்.

பலகை வந்த பிறகு அக்கா மிஷினுக்குள்ளேயும் நுழைந்தாள். "இது என்னத்துக்கு? இது?" என்று திரையில் இருக்கும் ஒவ்வொரு படமாகத் தொட்டுக் கேட்பாள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், "பிள்ளைக்கு வேணுமா?" என்பாள். வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்வாள். மவுஸ் போயிற்று. சீட்டுக்கட்டு விளையாட்டு போயிற்று. கணக்குப் போடுவது போயிற்று. கடைசியில் சுவிட்சைப் போட்டால் நேராக ஒரு வெள்ளைப் பக்கம், அதில் மினுக்கிக்கொண்டு நிற்கிற ஒரு கோடு, அவ்வளவுதான். "ஆயிரம் வேல செய்யிற மிஷின்க்கா இது" என்று நான் அங்கலாய்த்தேன். "ஒரு வேல போதும் தாயி" என்றாள்.

வாரம் ஓர் எழுத்து. ஜோதி மூன்றையும் பிசகாமல் தட்டிய பிறகுதான் நாலாவது கட்டை தட்டிலிருந்து ஏறும், பலகையில் புது ஓட்டை விழும். புள்ளி ஏறியதும் படம் வந்தது. பட்டம் வந்தது. மரம் வந்தது. கொம்பு சுழி எல்லாம் மெதுவாக வந்து, நரி என்று அடித்த அன்றைக்கு எனக்கே கண் கலங்கிவிட்டது. அக்கா அதற்கும் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். அக்கா தரையில் சுவரோரமாக, இரண்டு பக்கமும் சாக்கு முட்டுக் கொடுத்து, ஜோதி உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தாள். வலது கை மணிக்கட்டில் ஈரச் சாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன் மேல் ஒரு கல்லையும் வைத்துக் கட்டியிருந்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தக் கையால் கட்டையைத் தொட முயன்றுகொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் கூச்சப்பட்டாள்.

"க எட்டத்துல இருக்கு தாயி. எனக்கே தோளு கடுக்குது. அதுக்கு எம்புட்டுக் கடுக்கும். கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வச்சிரு."

ஒவ்வோர் எழுத்தையும் பிள்ளைக்குக் கொடுக்கும் முன்னால் அவள் அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் படித்த படிப்பில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை. என் வாய் அடைத்துப்போனது அன்றைக்குத்தான். க-வைத் தள்ளி வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஜூன் வந்தது. பெரிய டீச்சர் ஒரு திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார். மதுரை ஹோமிலிருந்தும் கடிதம் வந்திருந்தது. அந்த வாரத்துக்குள் சேர்க்காவிட்டால் இடம் போய்விடும். ஜோதியின் அப்பா பையெல்லாம் எடுத்து வைத்துவிட்டார். பாவம், அவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

முதல்நாள் ஞாயிறு, அக்கா தட்டிலிருந்து ச-வை எடுத்து மாட்டப் போனாள். நான் தடுத்தேன். "நாளைக்குப் பரீட்சய வச்சுக்கிட்டு இன்னைக்குப் புது எழுத்தா? கொழம்பிப் போகும். ஒன் பாடத்தையே ஒனக்குச் சொல்றேன், இது வேண்டாதது, எடுத்துரு." அவளும் சரி என்று கையை நீட்டினாள். ஜோதி அதற்குள் அந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுவிட்டாள். எதையும் பிடிக்காத கை அதை விடமாட்டேன் என்றது. பிரித்துப் பார்த்தோம், அழுகை. "போட்டும் விடு. பிள்ளைக்கு வேணுங்கிறத வேண்டாததுன்னு நாம எப்படிச் சொல்றது" என்று அதையும் மாட்டிவிட்டாள்.

கடையின் தள்ளுவண்டியில் சாக்கை விரித்து மானிட்டரையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனோம். பெரிய டீச்சரின் அறையில் தரையில் மிஷினை வைத்து, ஜோதியைச் சாக்கு முட்டுக் கொடுத்து உட்கார வைத்தோம். டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கித் தானும் தரையில் உட்கார்ந்தார். அது எனக்குப் பிடித்தது.

"பட்டம்" என்றார்.

ஜோதி அம்மாவைப் பார்த்தாள். கை அசையவில்லை. டீச்சர் இன்னொரு தரம் சொன்னார். ஜோதி அம்மாவைத்தான் பார்த்தாள். டீச்சரும் அக்காவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா கண்ணால் ஏதாவது சொல்கிறாளா என்று அவருக்குச் சந்தேகம். ஜோதியின் கையை நானே பிடித்துக் கட்டையில் வைத்துவிடலாமா என்று குனிந்தேன்.

அக்கா எழுந்தாள்.

"நான் இருந்தா அது என் மூஞ்சியத்தான் பாக்கும் டீச்சர். நான் வெளிய இருக்கேன்." வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். "நீயும் வா தாயி. ஒன் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது."

வெளியே பூவரச மரத்தடியில் நின்றோம். கதவைச் சாத்திவிட்டார்கள். ஜோதி ஒரு சத்தம் போட்டாள். அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம், எனக்கே அது பழகியிருந்தது. அக்காவின் கால் ஓர் எட்டு முன்னால் போய்த் திரும்பி வந்தது. புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தவள், கடைசியில் தன்னையும் பொறுக்கி எடுத்து வெளியே வைத்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. போடியில் இருக்கிற அத்தனை சாமியையும் கூப்பிட்டேன்.

ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் ஒரு டக். வெகுநேரம் கழித்து இன்னொரு டக். நான் எண்ண ஆரம்பித்தேன், எண்ணிக்கை தவறிப்போனது.

கதவைத் திறந்துகொண்டு டீச்சர் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக அக்காவிடம் வந்து அதட்டுகிற குரலில் கேட்டார்.

"ஏம்மா, காலையில பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கலையா? பசிக்குதாம்."

அக்காவுக்குப் புரியவில்லை. "யாரு சொன்னா?"

"ஒம் பிள்ளதான் சொல்லுது. பட்டம்னு சொன்னேன், எழுதுச்சு. மரம் எழுதுச்சு. அடுத்து நான் ஒண்ணுமே சொல்லல. அதுவா 'பசி'ன்னு எழுதிட்டு என் மூஞ்சியப் பாக்குது."

"நான் அந்த வார்த்தையச் சொல்லிக் குடுக்கலையே டீச்சர்" என்றாள் அக்கா.

உண்மைதான். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்லை. ஆறு வருஷமாக ஜோதிக்கு எப்போது பசிக்கும் என்று ஜோதிக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கொண்டுவந்திருந்த தூக்குவாளி வண்டியில் இருந்தது. உள்ளே நாலு இட்லி. நான் ஓடிப்போய் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்து, "போக்கா, போய் ஊட்டு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன். அக்கா இரண்டு எட்டு நடந்தாள். வாசற்படியில் நின்றாள். உள்ளே பார்க்காமல் தூக்குவாளியை டீச்சரிடம் நீட்டினாள்.

"நீங்களே குடுத்துருங்க டீச்சர். ஒங்ககிட்டத்தான கேட்டிருக்கு."

டீச்சர் வாங்கிக்கொண்டார். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். பிறகு உள்ளே போனார். நாங்கள் போகவில்லை.